எல்லாருக்கும் டிக்

மூன்றாம் மாடியில், மாற்றுத்திறனாளர் ஆய்வு என்ற துணைப்பாட வகுப்பின் நடுவே தீ எச்சரிக்கை மணி அலறுகிறது, லிப்ட் நின்றுவிடுகிறது. "வழக்கமான ஒத்திகைதாம்மா, நீ இங்கயே இரு" என்று சக்கர நாற்காலி மாணவியிடம் சொல்லிவிட்டுப் பேராசிரியர் மற்றவர்களோடு படியிறங்குகிறார். 'முடக்குவது உடலல்ல, படிக்கட்டு' என்று கரும்பலகையில் அவர் எழுதிய வரி வெயிலில் பளிச்சிடுகிறது. அழகான கையெழுத்து. ஒவ்வொரு ஒத்திகையிலும் கீழே எடுக்கும் கணக்கில் ஆள் குறையக் கூடாதென்று ஆபீஸ் கிளார்க் அவள் பெயருக்கும் டிக் போட்டுவிடுவார்; அவளும் சிரித்துக்கொள்வாள். இன்று கதவிடுக்கில் புகை நுழைகிறது. ஜன்னலுக்கு நாற்காலியை உருட்டுகிறாள். கத்த வாய் திறந்தால் இருமல்தான் வருகிறது. கீழே காவலாளி கேட்கிறார்: "மேல யாராச்சும் இருக்காங்களா சார்?" கிளார்க் பட்டியலை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். "யாருமில்லப்பா. எல்லாருக்கும் டிக் இருக்கு."