தோளில் பையோடு

மதிய வெயில் கண்ணாடி அறைக்குள் மேசையின் பாதி வரை வந்து நிற்கிறது. கம்பைலரை எழுதி முடித்துவிட்டு, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விடுப்புக்குக் கிளம்பியவள், தோளில் பையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மேலாளர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். "கம்பைலருக்கு ஆன செலவுலயே ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் முடிச்சிடலாமே? ரெண்டும் புரோகிராம்தானேம்மா?" "இல்ல சார், மூணு மடங்காவது ஆகும். கம்பைலர், நாம எழுதிக் கொடுத்த புரோகிராமைப் படிக்கும், மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கும், வேலை முடிஞ்சதும் வெளிய போயிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படியில்ல. ஓடுற எல்லாப் புரோகிராமுக்கும் இடம் கொடுக்கணும், எது விழுந்தாலும் தாங்கணும், தான் மட்டும் நிக்கவே கூடாது." பேனா மூடி அசையாமல் நிற்கிறது. "இவ்வளவு தெரிஞ்ச ஆளை எப்படிம்மா லீவுல அனுப்புறது?" என்று அவர் சிரிக்கிறார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவளுக்கு உறைக்கிறது. கண்ணாடிக்கு அப்பால், அவளோடு வேலை செய்தவர்கள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவளைக் கையசைத்துக் கூப்பிடுகிறார்கள். வாய்கள் அசைகின்றன, சத்தம் உள்ளே வரவில்லை. ஏசி மட்டும் இரைகிறது. லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது. பையின் வார் தோளிலிருந்து மெல்ல நழுவுகிறது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.