நிரம்பியிருந்த செம்பு

செம்பு நிரம்பியிருந்தது.

அவன் நிலவறைப் படியிலேயே நின்றுவிட்டான்.

காலையில் அது வெறுமையாக இருக்க வேண்டும். இந்தக் குளிரில் கனடாக் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். அதை அப்படியே விட்டால் முளைக்கு ஆகாது என்று அவன் மனைவி வதனி மாலையிலேயே பிடித்து, குளிர் அடங்க வைத்துவிடுவாள். விடிந்ததும் முதல் வேலையாக இறங்கி வந்து முளைகளுக்கு அதை விடுவாள். பழைய தயிர்ப் பேணிகளில் மிளகாய், கத்தரி, தக்காளி முளைகள். ஓரத்துத் தட்டில் கொத்தமல்லியும் துளசியும். அவன் வேலைக்குப் புறப்படும்போது வெறும் செம்பு கடைசிப் படியில் இருக்கும்.

இன்றைக்கு விளிம்புவரை தண்ணீர்.

மேலே குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் உள்ளே போய் நெடுநேரம். குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.



மாதவிலக்கு நாட்களில் வதனி பயிரைத் தொடமாட்டாள். வேலை என்னவோ வைத்தியசாலை ஆய்வுகூடத்தில். நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் கிருமிகளைப் பார்த்துப் பெயர் சொல்கிறவள். அவற்றுக்குப் பயமில்லை, ஒரு மிளகாய் முளைக்குப் பயம். கலியாணமான புதிதில் அவன் கேலி செய்தான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

"எனக்கும் தெரியும், இது சும்மா கதையெண்டு. ஆனா பட்டுப்போச்செண்டா என்னாலதான் எண்டு மனசு கிடந்து அடிக்கும். அந்த நாளையில நீங்கள் விடுங்கோவன்."

அன்றிலிருந்து அந்த நாட்களில் தண்ணீர் விடுவது அவன் பொறுப்பு.

முதலில் அது வெறும் வேலையாகத்தான் இருந்தது. பிள்ளைக்காகக் காத்திருக்கத் தொடங்கிய பிறகு அப்படி இல்லை. இந்த மாதமும் இல்லை என்று அவள் ஒருபோதும் வாய் திறந்து சொன்னதில்லை. நிரம்பிய செம்பு படியில் இருக்கும். அவன் அதை எடுத்து முளைகளுக்கு விடுவான். பிறகு இருவரும் தேநீர் குடிப்பார்கள்.

இந்த முறை வைத்தியசாலையில் கருவை உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த கிழமை இரத்தப் பரிசோதனை. அதற்கு முன் உதிரம் கண்டால் எல்லாம் முடிந்தது. இன்னொரு முறை வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் உடம்பு அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

மேலே போய்க் கதவைத் தட்டலாம். கேட்கலாம்.

அவன் போகவில்லை. கேட்காத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்தான். போன முறை "பரவாயில்லை" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் சில நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான். அது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இல்லை. அவனுக்கும்தான்.

கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டு நிற்கிறவன் அவன். இப்போது யாரோடோ பேரம் பேசத் தொடங்கினான். மிளகாய் போகட்டும். கத்தரியும் போகட்டும். பனி கரைந்து வைகாசி வரும்போது பின்வளவு வெறுமையாகவே கிடக்கட்டும், வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இது மட்டும் நிற்கட்டும்.

நிலவறை யன்னலுக்கு வெளியே வேலி பாதி மறையப் பனி கிடந்தது. மேலே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

செம்பைத் தூக்கினான்.

மண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு விரல் வைத்தால் போதும். ஆனால் அவன் கண்ணோ கருத்தோ மண்ணில் இல்லை. குழல் விளக்கின் கீழே பேணிகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. முதல் பேணிக்கு விட்டான். அடுத்ததற்கு விட்டான். அவளைப்போல் கொஞ்சம் கொஞ்சமாக விட அவனுக்கு எப்போதும் வராது.

தட்டு நிறைந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கம்பளத்தில் சொட்டியது. மிளகாய் முளை ஒன்று வேரோடு சாய்ந்தது. இவ்வளவு விடவில்லையே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, கை நிற்கவில்லை.

மேலே கதவு திறந்தது. படிகளில் அவள் கால் சத்தம்.

அவன் திரும்பவில்லை.

"ஐயோ, என்னப்பா செய்யிறியள்? நித்திரை வரேல்லையெண்டு நான் வெள்ளனவே வந்து தண்ணி விட்டிட்டன். நாளைக்கெண்டெல்லே அதைப் பிடிச்சு வைச்சனான்!"

தலையில் துவாயோடு வந்தவள் அவனை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தாள். சாய்ந்த முளையை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினாள். அடியில் மண்ணை அணைத்தாள். பக்கத்தில் இன்னொன்று சாய்ந்திருந்தது. அதையும் நிமிர்த்தினாள்.

முளைகளைத் தொடும் அவள் விரல்களையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதையும் ஒருக்காப் பாரும்," என்று அடுத்த பேணியை அவள் பக்கம் நகர்த்தினான்.

அதில் ஒரு முளையும் சாய்ந்திருக்கவில்லை.