பிடியை விடாத மூடி

மெல்வின் வீட்டிலேயே பீர் காய்ச்சினார். கடைசியில் கொஞ்சம் சர்க்கரை கலந்து பாட்டில்களில் நிரப்பி, தகர மூடிகளை அழுத்தி அடைத்து அலமாரியில் வைத்தார். "ரெண்டு வாரம் பொறுக்கணும்" என்று மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

ஓரத்துப் பாட்டிலில் இருந்த பீரால் பொறுக்க முடியவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன உள்ளே வாயு பெருகியது.

"வழி விடு, மூச்சு முட்டுது!" என்று பீர் மூடியை முட்டியது.

"இன்னும் நேரம் வரலை" என்றது மூடி.

"உனக்கு இரக்கமே கிடையாது!"

நான்காம் நாள் மெல்வினுக்கே ஆசை தாங்கவில்லை. பக்கத்துப் பாட்டிலைத் திறந்தார். சத்தமே வரவில்லை. ஒரு வாய் குடித்தவர், "சப்புன்னு இருக்கு" என்று மீதியைக் கொட்டிவிட்டார்.

பீர் நடுங்கிப்போனது. "என்னை விட்டுடாதே" என்று மூடியிடம் கெஞ்சியது.

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

பதினைந்தாம் நாள் மெல்வின் ஓரத்துப் பாட்டிலைத் திறந்தார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. டம்ளரில் நுரை பொங்கி நின்றது. "அடடா, என்ன அழகு!" என்றாள் ஸ்டெல்லா.

டம்ளரிலிருந்த பீர், மேசையில் நெளிந்து கிடந்த மூடியைப் பார்த்தது.

"இந்த நுரை நீ கொடுத்தது. உன்னைப் போய்த் திட்டினேனே! ரொம்ப வலிச்சுதா?"

"நீ முட்டும்போதெல்லாம் வலிச்சுது" என்றது மூடி. "முட்டாம இருந்த நாள்லதான், நீயும் சப்புன்னு போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."