சங்கு ஊதிய பிறகு

ஜூன் 8, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நிலச்சரிவு ஒத்திகைப் பதிவேட்டில் ‘வந்த முதியோர்: ஒருவரும் இல்லை’ என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

சங்கு ஊதிய பத்து நிமிடத்துக்குள் எங்கள் தேயிலை எஸ்டேட் முதியோர் இருபது பேரும் பள்ளிக்கூடத்தில் கூட வேண்டும். தவறினால் மழைக்காலம் முழுக்க அவர்களுக்குக் கோத்தகிரி முகாம்தான். அதை நினைத்தாலே அவர்களுக்குக் கசப்பு. ஆனால் பள்ளி வாசலில் ஒத்திகைக்குப் பொறுப்பான நானும் தீயணைப்பு அலுவலர் சுபுஹானும் மட்டுமே நின்றோம்.

“சரியாச் சொன்னீங்களாம்மா?”

“ஊடு ஊடாப் போய்ச் சொன்னேனுங்க சார்.” எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். வீடுகள் பூட்டிக் கிடந்தன. மேட்டில் பேச்சுக்குரல் கேட்டது. அங்கே, இலை நிறுக்கும் ஷெட்டில், இருபது பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“ஏனுங்க இசக்கியம்மா, பள்ளிக்கூடத்துக்குத்தானே வரச் சொன்னேன்?”

“சொன்னே அம்மிணி. ஆனா ஊதுனது ஃபேக்டரிச் சங்காச்சே. நாப்பது வருசமா அது ஊதுனா இலை நிறுக்க இங்கதான் ஓடியாந்தோம். காலு தானா வந்துருச்சு.”

“ஞாபகம் வந்ததும் அங்க வந்திருக்கலாமுங்களே?”

“வரிசையை உட்டுட்டுப் போனா முனியசாமி முன்னாடி பூந்துருவாரு.”

ஓய்வுபெற்ற மேஸ்திரி பொன்ராஜ், பழக்கத்தில் வந்த நேரத்தையும் குறித்து எழுதிய பெயர்ப்பட்டியலை நீட்டினார். “நாலு நிமிசத்துல எல்லாரும் ஆஜருங்க.”

சுபுஹான் ஷெட்டைச் சுற்றி வந்து சரிவைப் பார்த்தார். “பள்ளிக்கூடத்தை விட இதுதான் பத்திரமான இடம். முகாம் வேண்டாம்.”

நாளைய வேலை: பள்ளி வாசலில் இருக்கும் ‘கூடும் இடம்’ பலகையைக் கழற்றி ஷெட்டில் மாட்ட வேண்டும்.