பக்கத்து சீட்டு

"முப்பது மைல் வேகத்துல தென்னமரத்துல அடிச்சா, பக்கத்து சீட்டுல இரிக்கிற பொம்புள மௌத்தாவாளா?"

கல்முனையில் கராஜ் வைத்திருந்த குணம், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். கேட்டவர் நற்பிட்டிமுனை அரிசி ஆலை முதலாளி காலிதீன். பத்து வருடப் பழக்கம்; அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் குணம் அவரைக் கூப்பிடுவான். ஒருநாளும் அவர் இப்படிச் சாவைப் பற்றிப் பேசி அவன் கேட்டதில்லை.

"எனக்கு விளங்கல்ல காக்கா."

"சரி, விடு. அந்த மூலையில கிடக்கிற சின்னக் கார எனக்குத் தா."

பின்கதவைத் தூக்கித் திறக்கிற சின்ன ஜப்பான் கார் அது. இது நடந்தது எண்பத்திரண்டாம் ஆண்டு. அந்த மாதிரிக் கார்கள் அப்போதுதான் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தன.

"அது வெள்ளத்துல நிண்ட கார் காக்கா. எஞ்சின் செத்துப் போச்சு. ஓடாது."

"ஓடத் தேவையில்ல. ஒருக்காப் போய் அடிச்சாக் காணும்."

காலிதீன் காருக்குள் தலையை விட்டு, முன்சீட்டு பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"எங்கட ஸம்ஸியா நூத்தி இருவது றாத்தல் இரிப்பா. அந்த நிறைக்கு இது அறுந்துருமா?"

ஸம்ஸியா காலிதீனின் மனைவி. ஒவ்வொரு பெருநாளுக்கும் மறக்காமல் அவனுக்கு வட்டிலாப்பம் அனுப்புகிறவள்.

"யாருக்கும் செல்லிராத," என்று காலிதீன் காருக்கான காசைக் கையில் திணித்து, அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று பகல் குணம் சாப்பிடவில்லை. நேரே பொலிசுக்குப் போனான். சார்ஜன்ட் ஷரிபுதீன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காலிதீனா? என்னோட படிச்சவன். கோழி அறுக்கவே ஆள் புடிக்கிறவன் அவன். போய் வேலையப் பாரு."

சனிக்கிழமை காலை காலிதீனின் ட்ராக்டர் பிரதான வீதியால் தெற்கே போனது. பின்னால் பெட்டியில் அந்தச் சின்னக் கார். காரின் முன்சீட்டில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். முக்காடு முகத்தை மறைத்திருந்தது. ட்ராக்டர் குழியில் விழுந்து எழும்பியபோது அவள் தலை ஒரு பக்கம் சரிந்தது. சரிந்தது அப்படியே கிடந்தது.

பார்த்த குணம் ஓடினான். இந்த முறை சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

"அவருக்குக் கோமாரியில தென்னந்தோட்டம் இரிக்கி ஐயா. அங்கதான்!"

அவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது ட்ராக்டர் காரைப் பின்னாலிருந்து முழு வேகத்தில் தள்ளிக்கொண்டு போனது. "நிப்பாட்டு!" என்று சார்ஜன்ட் கத்தினார். ட்ராக்டர் நின்றது. கார் நிற்கவில்லை. தென்னை மரத்தில் மோதிய சத்தத்தில் காகங்கள் கலைந்து பறந்தன. நாலைந்து தேங்காய்கள் கூரையில் விழுந்தன.

குணம் அழுதுகொண்டே ஓடினான். முன்கதவுகள் நசுங்கித் திறக்காததால் சார்ஜன்ட் பின்கதவைத் தூக்கினார். உள்ளே ஒரு தலை கிடந்தது.

மண்பானைத் தலை. கரியால் மீசை வரைந்திருந்தது.

ஓட்டுநர் சீட்டில், காலிதீனின் சாரனும் சேர்ட்டும் போட்ட வைக்கோல் உடம்பு ஸ்டியரிங்கில் இரண்டாக மடிந்திருந்தது. பக்கத்து சீட்டில் பச்சைச் சேலை கட்டிய நெல் மூட்டை, பெல்ட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

காலிதீன் ட்ராக்டரிலிருந்து இறங்கி வந்தார். முகம் வெட்கத்தில் கறுத்திருந்தது.

"ரெண்டு வருசமா ஸம்ஸியா ஒரு கார் வாங்க வுடுறா இல்ல ஷரிபு. இந்தச் சின்னக் காரெல்லாம் தகர மீன் பேணி மாதிரி இரிக்கி, அடிபட்டா பக்கத்துல இரிக்கிற நான்தான் முதல்ல மௌத்தாவன் எண்டு நிக்கா. வெளிநாட்டுல பொம்மைய வெச்சி அடிச்சிப் பாத்துத்தான் கார் விக்காங்களாம். புத்தகத்துல படிச்சன். அதான் நானும்..."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். குணம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், விழுந்த தேங்காய்களைப் பொறுக்கினான்.

"சரி, முடிவு என்ன?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"ஸம்ஸியாக்கு ஒண்டுமில்ல. சேலையில குத்தின ஊசி கூடக் கழரல்ல."

"உனக்கு?"

காலிதீன் பானைத் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எனக்குக் கொஞ்சம் சரியில்லதான்."

பின்னேரம் வீட்டுக்கு வந்து நடந்ததெல்லாம் மனைவியிடம் சொன்னார். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஸம்ஸியா, கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பக்கத்துல இருந்த ஆளுக்கு ஒரு கீறல் கூட இல்லையா?"

"இல்ல புள்ள. அல்லாஹ்வே, ஒரு கீறல் இல்ல."

"ஓட்டின ஆளுக்கு?"

"தல பின்னுக்குப் போயிட்டு."

"முழுசாவா?"

"ஓம். முழுசா."

ஸம்ஸியா மறுபடி கத்தியை எடுத்து ஒரு மீனின் தலையை வெட்டினாள். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, காரைப் பற்றிய பேச்சில் சிரித்தாள்.

"அப்ப வாங்குங்க. ஆனா ட்ரைவர் ஒண்டும் வேணாம். நீங்கதான் ஓட்டணும்."

அவள் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்துக் காலிதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் விடிந்ததும் புதுக் கார் பார்க்க மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்.

பஸ் மறைந்த கையோடு ஸம்ஸியா இன்சூரன்ஸ் ஏஜன்டை வீட்டுக்கு வரச்சொல்லி ஆளனுப்பினாள், காருக்காக அல்ல, காலிதீனுக்காக.