சனிக்கிழமை வாடிக்கையாளர்

சிங்கப்பூரின் தேக்காவில் இருந்த அந்த மளிகைக் கடைக்குள் மரகதம் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். அன்றும் ஓர் ஆட்டா மாவு பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

"இது எக்ஸ்பயரி ஆகி ரெண்டு நாளாச்சு. இதையெல்லாம் யாருமே பார்க்கிறதில்லையா?"

வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான கோகிலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலாளி தணிகைவேல் ஓடி வந்தார்.

"எங்க தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி, அந்த அடுக்கு முழுவதையும் பார்த்துச் சரிசெய்யச் சொன்னார். மரகதம் அதோடு விடவில்லை. பருப்பில் கல் கிடக்கிறது, தரை வழுக்குகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாஸ், போன வாரமும் இதேதான். ஒரு சாமானும் வாங்குறதில்லை. இனிமே அவங்கள உள்ள விடாதீங்க லா."

"மூணு வருஷம் முன்னாடி, நம்ம அரிசியில வண்டு இருக்குன்னு ஃபேஸ்புக்ல போட்டதே அவங்கதான். பாதி வியாபாரம் போச்சு."

"அப்புறமுமா விடுறீங்க?"

"வண்டு இருந்தது நிஜம்தானே! மறுநாளே தோ பாயோவுல அவங்க வீட்டுக்குப் போனேன்."

"மன்னிப்புக் கேட்கவா?"

"மன்னிப்பும் கேட்டேன், வேலையும் கொடுத்தேன். நம்ம கடையில குறை கண்டுபிடிக்கத்தான் அவங்களுக்கு மாசச் சம்பளம். எல்லார் முன்னாலயும் சத்தமா சொல்லணும்கிறது நான் போட்ட கண்டிஷன். தனியா வந்து சொன்னா, நான் மறைச்சிடுவேன் இல்லையா?"