முப்பத்தெட்டாவது பெயர்

"முப்பத்தேழு பேர் வந்தாச்சு சார். இன்னும் ஒருத்தர் வரணும்."

கையிலிருந்த பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் விசில் அக்கா. அந்தச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை நிமிடம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குண்டு மிரட்டல் வந்தால் கட்டடத்தை விட்டு எப்படி வெளியேறுவது என்பதற்கான ஒத்திகை அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும். அவர் இங்கே மாற்றலாகி வந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஊழியர்கள் எல்லோரும் வாகனம் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நின்றார்கள். ஒருவர் அவசரத்தில் அடுத்த மேசைக்காரரின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அசடு வழிந்துகொண்டிருந்தார்.

"யார் அந்த ஒருத்தர்?"

"ஃப்ளாஸ்க் அண்ணன் சார்."

"டீ கொண்டு வர்றவரா? அவர் நம்ம ஸ்டாஃபே இல்லையே! பக்கத்துக் கடைக்காரர்."

"விசில் ஊதுறப்போ உள்ளதான் இருந்தார் சார். உள்ள இருந்தா கணக்குல உண்டு."

மேலாளர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முப்பத்தேழு பெயர்கள் அச்சில் இருந்தன. கடைசியில் மட்டும் பேனாவால், 'ஃப்ளாஸ்க் அண்ணன்'.

அவருடைய வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கடிதம். எட்டு வருடங்களுக்கு முன்னால், பார்சல் கவுன்ட்டரில் யாரோ விட்டுப்போன பை வெடித்துக் கட்டடத்தின் முன்பக்கம் சரிந்தது. 'அன்று நான்கே நிமிடத்தில் அனைவரும் பத்திரமாக வெளியேறினர்' என்று தலைமை அலுவலகம் பாராட்டி அனுப்பிய கடிதம் அது. நிஜக் குண்டுக்கே நான்கு நிமிடம். பொய்க் குண்டுக்கு இவ்வளவு நேரமா? சாயங்காலம் அறிக்கை அனுப்ப வேண்டும். முந்தைய மேலாளரை இந்த அறிக்கைகள்தான் ஊர் மாற்றின என்று பேச்சு.

"குண்டு வெடிச்ச அன்னிக்கு லிஸ்ட் வாசிச்சது யாரு?"

"நான்தான் சார்."

குரலில் பெருமை துளிகூட இல்லை. தன்னடக்கம் போலிருக்கிறது என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அவ்வளவு சுறுசுறுப்பா முடிச்சவங்களுக்கு இப்ப என்ன வந்துச்சு? ஒரு டீக்காரருக்காக இத்தனை பேரும் வெயில்ல காயணுமா? எல்லாரும் வந்தாச்சுன்னு எழுதிட்டு முடிங்க."

"அவரைக் கண்ணால பார்க்காம நான் அப்படிச் சொல்ல மாட்டேன் சார். உள்ள போய்த் தேடணும்."

கணக்காளர் நமட்டுச் சிரிப்போடு குறுக்கிட்டார். "ஒத்திகைன்னா அவர் எங்கேயாவது போய் ஒளிஞ்சுக்குவார் சார். போன தடவை மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. அதுக்கு முந்தி ஜெனரேட்டர் ரூம். அக்காவும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க."

"ஒளிஞ்சுக்குவாரா? வேணும்னேவா?"

மேலாளர் பேனாவை எடுத்தார். கடைசிப் பெயரை ஒரே இழுப்பில் அடித்தார்.

"சார், அதை மட்டும் அடிச்சிருக்கக் கூடாது." விசில் அக்கா பட்டியலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"அவரை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்."

தேடுவதற்குத் தயாராக நின்ற ஊழியர் ஒருவரின் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, பட்டியலோடு மேலாளர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

நான்கு மாடியும் ஏறி இறங்கினார். கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்தார். மேசைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் கீழ்த்தளத்தில், பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையின் கதவைத் தள்ளினார். அலமாரிக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், மடியில் ஃப்ளாஸ்க்கோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

"பதினேழு நிமிஷம் சார்," என்றார் கடிகாரத்தைப் பார்த்து. "போன தடவை இருபது. பரவாயில்லையே, நல்லாத் தேறிட்டீங்க!"

மேலாளருக்கு மூச்சு வாங்கியது. "என்ன விளையாடுறீங்களா? உங்களால என் ரிப்போர்ட்டே நாசம்! கண்ணாமூச்சி ஆடுற வயசா இது?"

"ஆட்டமெல்லாம் இல்ல சார். தேடி வர்றாங்களான்னு பார்ப்பேன். வந்துட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

"இனிமே வர மாட்டாங்க. பாருங்க, உங்க பேரை அடிச்சாச்சு." பட்டியலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "நீங்க லிஸ்ட்லயே இல்ல. அடுத்த தடவை நாலு நிமிஷத்துல முடிச்சுக் காட்டுறேன்!"

ஃப்ளாஸ்க் அண்ணன் கோபப்படவில்லை. தன் பெயரின் மேல் கிடந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காகிதக் கோப்பையில் டீயை ஊற்றி, வியர்த்துப்போய் நின்ற மேலாளரிடம் நீட்டினார்.

"அன்னிக்கும் நான் லிஸ்ட்ல இல்ல சார். அதனாலதான் நாலு நிமிஷத்துல முடிஞ்சுது. இதே ரூம்லேர்ந்து என்னைத் தோண்டி எடுக்கத்தான் பத்தொன்பது மணி நேரம் ஆயிடுச்சு."